வாசனைப் புடவை

ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்காருகிறவர்கள் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் போதும், ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். என் அம்மா செல்லம்மா இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வேகத்தடைக்கும் "ஏசப்பா" என்பாள். என்னோடு படித்த கீர்த்தனா போனை மட்டும்தான் பிடிப்பாள். சியாமளா ஆன்ட்டி முதல் நாள் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்திருந்தார். அடுத்த தடவை கோவளம் தாண்டும்போது காற்று ஒரு தள்ளு தள்ளியது. கம்பியை விட்டுவிட்டு என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கம்பியைத் தொடவே இல்லை.

எழுதிக்கொள்கிறீர்களா, மேடம்? இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது புடவையைப் பற்றி என்று தெரியும். அதற்கு இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

என் பெயர் ஜெபா. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அப்படிச் சொல்லித் தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. என் ஆயாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நான் செங்கல்பட்டில் உளவியல் படித்தேன். "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குற படிப்பு" என்று தெருவில் சொன்னார்கள். படித்து முடித்ததும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் போகிற வழியில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது. மறதி நோய் வந்த பெரியவர்களுக்கானது. அங்கே எனக்கு ஆக்டிவிட்டி கோஆர்டினேட்டர் என்று ஒரு பதவி கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற அதிகாரிகளுக்குப் பந்து உருட்டிவிட வேண்டும். பந்து திரும்பி வந்தால் கைதட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

இல்லத்தில் கடைசிவரை தங்குகிறவர்கள் உண்டு. சில நாள் மட்டும் வந்து போகிறவர்களும் உண்டு. அதற்கு ஓய்வுத் தங்கல் என்று பெயர். ஓய்வு நோயாளிக்கு இல்லை, வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு. அது பெரும்பாலும் மனைவியாகத்தான் இருக்கும். மனைவிக்கு நோய் வந்து கணவன் பார்த்துக்கொண்டு, களைத்துப்போய் இரண்டு வாரம் ஓய்வு கேட்டு வந்ததை நான் பார்த்ததில்லை. அவர்கள் முதல் நாளே நிரந்தர அறை கேட்பார்கள். எனக்கு எப்போதும் இருக்கும் கோபத்தில் பாதி இதனால் வந்தது.

பாலசுப்ரமணியன் சார் மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. அது முக்கியம். அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதுப்பட்டினத்தில் சொந்தமாக ஒரு பிளாட். நல்ல மனுஷன். சட்டையை இன் பண்ணி, காலாவதியான அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வந்து இறங்கினார். எதிரே யார் வந்தாலும், சமையல்காரம்மாவாக இருந்தாலும், "ஷிஃப்ட் முடிஞ்சுதா?" என்று விசாரித்தார்.

அவரை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்த அவர் மனைவி சியாமளா ஆன்ட்டி கேட் பக்கத்திலேயே நின்றார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் போய் என்னவென்று கேட்டேன்.

"இப்ப நான் எங்கம்மா போகணும்?" என்றார்.

விளையாட்டாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அஞ்சு வருஷமாக அடுப்பை அணைத்தாரா, கதவைத் திறந்தாரா, எங்கே நனைத்துக்கொண்டார் என்று ஒரு ஆளையே பார்த்துப் பார்த்து, தனியாக ஒரு மதியத்தை என்ன செய்வதென்பதே மறந்துபோயிருந்தது. எனக்கு அன்று பாதி நாள் விடுப்பு. "ஏறுங்க மேடம்" என்றேன்.

அவர் எப்போது மேடத்திலிருந்து ஆன்ட்டி ஆனார் என்று கேட்டால், முட்டுக்காட்டில். படகு சவாரி போனோம். பக்கத்தில் ஒரு வேகப் படகு சர்ரென்று திரும்பியதில் உப்புத் தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. துடைக்கக்கூட இல்லை. வாயை நக்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உப்பு!" என்றார், கடலில் உப்பிருப்பதை அவர்தான் கண்டுபிடித்ததுபோல. அம்பாசமுத்திரம் பக்கம் பிறந்தவர். அந்த 'ஏட்டி' முப்பத்தைந்து வருஷமாக அணுநகரக் குடியிருப்பில் எங்கேயோ சுருண்டு கிடந்திருக்கிறது. எங்கள் பக்கம் 'டி' போட்டால் ஒன்று சண்டை, இல்லையென்றால் அம்மா. எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. படகால் என்று நினைத்தேன். கரையில் இறங்கிய பிறகும் சுற்றியது.

அன்று வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கேட்டாள். "இன்னாடி, தனியா சிரிச்சிகினு வர? எவனையாவது இஸ்துகினு வந்துட்டியா?"

"ஆமா."

"யார்றீ அவன்?"

"அறுபத்தஞ்சு வயசு. கல்யாணம் ஆயிட்சி."

துடைப்பம் பறந்து வந்து என் முதுகில் பட்டது. நான் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொரு நாள், சாரின் அக்கா போன் செய்தார். நாங்கள் சாலையோரக் கடையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஆன்ட்டிக்குக் கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். "கட்டினவ கல்லு மாதிரி இருக்கும்போது என் தம்பிய அநாதை மாதிரி ஹோம்ல தள்ளியிருக்கியே, உனக்குச் சோறு எறங்குதா?" என்றது அந்தக் குரல். ஆன்ட்டியின் முகம் சுருங்கியது. நான் போனை வாங்கினேன்.

"வணக்கம்மா, ஹோம்லேர்ந்து பேசுறோம். உங்க தம்பிய நாளைக்கே உங்க வூட்டுக்கு அனுப்பி வெக்கிறோம். அட்ரஸ் மட்டும் சொல்லுங்க. டயப்பர் நாங்களே குடுத்துடுவோம்."

போன் கட்டானது. ஆன்ட்டி இளநீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தார். கடைக்காரர் பயந்துபோய்த் தலையில் தட்டிவிட்டார்.

இப்போது புடவைக்கு வருகிறேன்.

எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம். ஓய்வுத் தங்கலுக்கு வருகிறவர்களின் மனைவியோ கணவனோ, தாங்கள் உடுத்திக் களைந்த துணி ஒன்றைத் துவைக்காமல் கொண்டுவந்து தர வேண்டும். பெண்கள் என்றால் புடவை. அதைக் காற்றுப் போகாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்து, நோயாளி தேட ஆரம்பிக்கும்போது தலையணை மேல் விரிப்போம். வாசனைப் புடவை என்று அதற்கு நாங்களே வைத்த பெயர். முகமும் பெயரும் மறந்துவிட்டவருக்கும் வாசனை கொஞ்ச நாள் மிஞ்சியிருக்கும். நல்ல யோசனைதான். நான் கண்டுபிடித்ததில்லை, டாக்டர் ஹரிப்ரியா கொண்டுவந்தது. இல்லமே அவருடையதுதான்.

ஆன்ட்டியின் புடவை ஒரு நீலச் சுங்குடி. அதில் சந்தனப் பவுடர், தேங்காய் எண்ணெய், கொஞ்சம் கற்பூரம். சார் சாயங்காலம் ஆனதும் "வீட்டுக்குப் போகணும், பஸ் வந்துடும்" என்று தவிப்பார். புடவையை விரித்தால் போதும். முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இங்கதான் இருக்கியா" என்பார். அடங்கிவிடுவார்.

அவர் நன்றாக இருந்தார். அதுதான் சிக்கல். நன்றாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

தங்கல் முடியப் போகிற வாரத்தில் ஆன்ட்டியை மாமல்லபுரம் கூட்டிப்போனேன். உருண்டைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாறைச் சரிவு இருக்கிறதே, பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி எண்ணெய் பூசியதுபோல் வழவழப்பாக்கி வைத்திருப்பார்களே, அதையே ஆன்ட்டி பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கைப்பையில் அவருடைய கண்ணாடியைப் போட்டார். புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகினார். மேலே ஏறி உட்கார்ந்து, "ஏட்டி, தள்ளு" என்றார்.

நான் தள்ளினேன். ஒரு கூச்சலோடு போய்க் கீழே பள்ளிக்கூடச் சுற்றுலாக் கும்பலுக்கு நடுவில் இறங்கினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, மறுபடி ஏறி வந்தார். நானும் சறுக்கினேன். ரெண்டு பேரும் சேர்ந்து சறுக்கினோம். என் இத்தனை வயசில் அப்படி ஒரு மதியம் வந்ததில்லை, மேடம். வேலை, படிப்பு, கடன், சர்ச், மறுபடி வேலை என்று போன வீட்டில் யார் என்னைப் பாறையில் தள்ளிவிடப் போகிறார்கள்?

பஞ்சு மிட்டாய் தின்றபடி கீழே உட்கார்ந்திருக்கும்போது அவர் சொன்னார்: "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருந்தா எப்படி இருக்கும்?"

மூச்சு விடுவதுபோல் சொன்ன வார்த்தை. நான் அதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொண்டேன். அவர் வாயால் கேட்க மாட்டார். கேட்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அவருக்காக யாராவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் டாக்டரிடம் பேசினேன். சாருக்கு இப்போதுதான் இடம் பழகியிருக்கிறது, உடனே மாற்றினால் குழம்புவார், இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும், அதுவரை வீட்டு ஆட்கள் வந்து பார்க்க வேண்டாம் என்றேன். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று டாக்டரும் நம்பினார். ஆன்ட்டியும் நம்பினார். நிம்மதியையும் குற்ற உணர்ச்சியையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

மறுநாள், சாரை இனி நானே குளிப்பாட்டுகிறேன் என்று தமிழ்வாணனிடம் சொன்னேன். ஆண்களைக் குளிப்பாட்டுவது அவன் வேலை. "இன்னாக்கா, உனுக்கு வேற வேலை இல்லியா?" என்று சிரித்தான். ஒரு பயிற்சி கொடுக்கிறேன் என்றேன். அது பொய்யில்லை. சார் லுங்கி கட்டித்தான் உட்கார்ந்திருந்தார், அந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாருக்கு உடம்பில் தண்ணீர் பட்டால் பரவாயில்லை. தலையில் ஊற்றினால் பயப்படுவார். இந்த நோயில் நிறையப் பேருக்கு அப்படித்தான். மேலிருந்து விழுவது என்னவென்று மூளைக்குப் புரிவதில்லை. அதனால் இல்லத்தில் தலையை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. நான் சொம்பை எடுத்தேன். மார்கழி மாசம், மாடித் தொட்டித் தண்ணீர். முதலில் புடவையை அவர் முகத்தருகே பிடித்தேன். அவர் முகர்ந்து, சிரித்து, "இங்கதான் இருக்கியா" என்று சொல்லி முடிக்கும்வரை பிடித்திருந்தேன். பிறகு ஊற்றினேன்.

அவர் அழுதார். மறுபடி புடவை, மறுபடி தண்ணீர். கண்ணில் சோப்பு எரிந்தால் துடைக்கவில்லை. சோப்புத் தண்ணீரால் காயம் ஆகாது. முடிந்ததும் புடவையைக் கவரில் போட்டுக் கட்டி அப்பால் வைத்துவிட்டு, காய்ந்த துண்டால் துவட்டி, சூடாகப் பால் கொடுத்தேன். அந்த நாட்களில் நான் பூ வைக்கவில்லை, பவுடர் போடவில்லை. இரண்டு வாசனையும் கலந்துவிடக் கூடாது. மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறுகிற பாடத்தில் அதெல்லாம் இருக்கிறது, முதல் வருஷப் பாடம்தான்.

காலையில் பாத்ரூம், மதியம் ஸ்கூட்டர். ஆன்ட்டி திருக்கழுக்குன்றத்து மலை ஏறினார். கழுகு வருமா என்று வானத்தையே பார்த்து, காக்கா வந்ததும் அதற்கே கும்பிட்டுச் சிரித்தார். "உங்க சார் எப்படி இருக்கார்?" என்று தினமும் கேட்பார். "நல்லா இருக்கார் ஆன்ட்டி, நல்லாக் குளிக்கிறார்" என்பேன்.

மறதி நோய்க்காரருக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது என்று டாக்டரே சொல்வார். தப்பு. கவரின் முடிச்சை அவிழ்த்தாலே இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு குறுகிப்போகிற நிலைக்கு சார் வந்துவிட்டார். அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கல்லூரியில் மார்க் வாங்கியிருக்கிறேன். படிப்பு வேலை செய்து அன்றுதான் பார்த்தேன்.

கூட்டிப்போக ஆன்ட்டி வந்த நாளில் சார் வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி புதுப் புடவை கட்டி, பூ வைத்து, நிறையப் பவுடர் போட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பவர் மாதிரி சிவந்துபோய் வந்தார். தூரத்தில் வரும்போது சார் சும்மாதான் பார்த்தார். குனிந்து கையைத் தொட்டதும் அலறினார்.

"ஊத்தாத! வேணாம், ஊத்தாத!" தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். டாக்டர் அவரைப் பார்த்தார், பிறகு ஆன்ட்டியைப் பார்த்தார். "வீட்ல சாரைக் குளிப்பாட்டுறது யாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான்தான்" என்றார் ஆன்ட்டி.

எல்லோரும் ஆன்ட்டியின் கையைப் பார்த்தார்கள். நான் இதை எதிர்பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர் பயந்தால் நிரந்தர அறை கொடுத்துவிடுவார்கள், ஆன்ட்டிக்கு விடுதலை, அவ்வளவுதான் என் கணக்கு. டாக்டர் தகவல் சொன்னதும், சாயங்காலமே மகன் விஷால் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டான். வீடியோவில் வருஷத்துக்கு நாலு தடவை அப்பா முகத்தைப் பார்க்கிறவன். "அம்மா, உண்மையச் சொல்லு. அப்பாவை அடிச்சியா?" என்றான்.

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு தடவை" என்றார். "கேஸைத் திறந்து விட்டுட்டார்டா. ஒரு தடவை கன்னத்துல."

அன்று ஸ்கூட்டரில் வீட்டில் விடும்போது என்னைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "என் பேர் மறந்துட்டார். கல்யாணம் மறந்துட்டார். அந்த ஒரு அறைய மட்டும் எடுத்து வச்சிக்கிட்டார் பாருட்டி." முதுகில் ஈரம் பட்டது. வண்டியை நிறுத்தி அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அலறலுக்குப் பிறகு அன்றுதான் நிரந்தர அறைக்குச் சம்மதித்திருந்தார். இன்னும் கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று நினைத்தேன்.

பழகவில்லை. அதுதான் எனக்குக் கோபம். ஒரு பெண்ணுக்கு இந்த ஊரில் யாரும் தராததை நான் கொடுத்திருக்கிறேன். அவர் முட்டுக்காட்டுக்கு வரவில்லை. தினமும் பஸ் பிடித்து வந்து சவுக்குத் தோப்பு வேலிக்கு வெளியே நின்றார். சார் உள்ளேயிருந்து பார்த்தால் கையாட்டினார், யாருக்கும் ஆட்டுகிற மாதிரி. கிட்டே போனால் அலறினார். "பாத்துப் பயப்படலட்டி, பக்கத்துல வந்தாத்தான் பயப்படுறார்" என்று ஆன்ட்டி யோசிக்க ஆரம்பித்தார். பூவை விட்டார். எண்ணெயை விட்டார். புதுப் புடவை கட்டி வந்து பார்த்தார். கடைசியில் பவுடரை விட்டார். சோப்பு மாற்றி, எந்த வாசனையும் இல்லாமல் ஒரு நாள் வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பந்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

சார் அலறவில்லை. திரும்பிப் பார்த்து, "நீங்க எந்த செக்‌ஷன்?" என்றார்.

"புதுசா சேந்திருக்கேன் சார்" என்றார் ஆன்ட்டி.

"பயப்படாதீங்க. நல்ல இடம்தான். ஷிஃப்ட் முடிஞ்சா பஸ் வரும்."

ஆன்ட்டி தலையாட்டினார். சாரின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். அந்த நேரம் பார்த்துத் தமிழ்வாணன் சாரைக் குளிக்கக் கூப்பிட வந்தான். நிரந்தர அறை ஆன பிறகு அந்த வேலையை அவனிடமே கொடுத்திருந்தேன். "இன்னாமா, பவுடர் வாசனையே காணோம்? உங்க பொடவை கமகமன்னு இருந்துச்சே. சாரைக் குளிப்பாட்ட சொல்லோ ஜெபாக்கா அத்த பாத்ரூம்லயே எடுத்தாந்து வெச்சிகினு இருக்கும்" என்றான். குற்றம் சொல்லவில்லை, எதார்த்தமாகத்தான் சொன்னான்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். எழுந்து கிட்டே வந்தார். "ஏட்டி, என் புடவை எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். ஈரத்தில் பூசணம் பிடித்திருந்தது. முகர்ந்து பார்த்தார். டாக்டர் எவ்வளவோ சொல்லியும் அன்றே சாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "இனிமே யாருகிட்டயும் விட மாட்டேன்" என்றார். டாக்டர்தான் உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆன்ட்டி கொடுத்திருக்க மாட்டார்.

ஆக, மேடம், உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். சியாமளா ஆன்ட்டி சாரைக் கொடுமைப்படுத்தவில்லை. மனைவியின் வாசனை வந்தால் தலையில் தண்ணீர் விழும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான். யோசித்து, திட்டமிட்டு, தினமும் செய்தேன். விஷாலிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அவர்கள் வீட்டில் இப்போது யாரும் பவுடர் போடுவதில்லையாம். ஆன்ட்டி சாருக்கு ஷிஃப்டில் புதிதாகச் சேர்ந்த ஆளாகவே இருக்கிறாராம், தமிழ்வாணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். கண்ணைச் சுற்றிக் கருப்பாகிவிட்டதாம். ஆகாதா? ஒரே ஆள் ராத்திரி பகல் பார்த்தால் அப்படித்தான் ஆகும். யாரிடமும் விட மாட்டேன் என்பதெல்லாம் கோபத்தில் சொல்வது. அவருக்கு ஓய்வு வேண்டும், அதை யாராவது கொடுத்தாக வேண்டும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னை விட்டுவிட்டால் நல்லது. அவருக்கென்று ஒரு ஹெல்மெட் வாங்கி வைத்திருக்கிறேன், நீல நிறம், கவர்கூடப் பிரிக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்வதில் நம்பிக்கை இல்லையென்றால் நீங்களும் வாருங்கள், பின்னால் ஜீப்பில் வந்து பாருங்கள். ஆன்ட்டி வந்து ஏறி உட்காரட்டும். எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.